வண்டியைத் தூக்கினால் மட்டும் போதுமா?

போன பொங்கல் லீவுக்குப் போடி போயிருந்தேன். மாமா வீட்டு வாசலில் ஒரே கூட்டம். என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு பிக்கப் நிற்கிறது. அதன் மேல் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதுபோல் மச்சான் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தெருப் பசங்க எல்லாம் செல்போனில் படம் எடுக்கிறார்கள்.

மச்சான் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். ஒரே பள்ளிக்கூடம். அதனால் எங்களுக்குள் வாடா போடாதான். படிப்பு முடிந்ததும் மாமாவோடு சேர்ந்து ஏலத்தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். தோட்டம் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம். மெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல தார்ச்சாலை. அதைத் தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பினால் ரோடு என்ற பெயரில் கல்லும் சேறும் மட்டும்தான். அதற்காகத்தான் செகண்ட் ஹேண்டில் நாலு சக்கரமும் இழுக்கிற டபுள் கேபின் பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தான். அதுவரை நல்ல முடிவுதான்.

வாங்கினவன் அதோடு விட்டானா? வண்டியை மூன்று அங்குலம் தூக்கியிருந்தான். முன்னால் ஸ்ட்ரட் மேல் ஸ்பேசர், பின்னால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை. மட்கார்டை உரசுகிற அளவுக்குப் பெரிய டயர். முன்னால் காளை முட்டினாலும் அசையாத இரும்பு பம்பர். கூரையில் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி ஒரு எல்.இ.டி. பட்டை. பக்கவாட்டில் யானைத் துதிக்கை போல ஒரு ஸ்நார்கல். எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம் ஆச்சு என்றான்.

"எப்படிரா இருக்கு?"

நான் மெக்கானிக்கல் படிக்கிறவன். எதையாவது நோண்டிப் பார்த்துக் குறை சொல்வது எங்கள் குலத்தொழில். ஆனால் அன்றைக்கு எனக்கும் வாய் பிளந்துவிட்டது என்பதுதான் உண்மை. "செம்ம மச்சான்" என்றேன். அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் மாமா, மச்சான், நான் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். காலி வண்டியாக ஏறினோம். ஓர் இடத்தில் மழை அரித்த பள்ளம் குறுக்கே ஓடியது. ஒரு பின் சக்கரம் கல்மேல் ஏறி உள்ளே அமுங்க, இன்னொன்று பள்ளத்தில் தொங்கியது. மச்சான் ஒரு உறுமு உறுமித் தாண்டிவிட்டான். கைதட்டினோம். மேலே போய்ப் பத்து மூட்டை பச்சைக் காய் ஏற்றிக்கொண்டு, கீழே இருக்கும் ஸ்டோருக்கு இறங்கினோம்.

இரண்டாவது இறக்கத்தில் மச்சான் முகம் மாறியது. பிரேக் பெடல் பாதி வரை சும்மா போகிறது. இன்னொரு மிதி. இன்னும் கீழே போகிறது. இடது பக்கம் மண் மேடு, வலது பக்கம் ஏலச்செடிக்குள் சரிவு. அவன் கெட்டிக்காரன், அதைச் சொல்லியே ஆகவேண்டும். கத்தாமல் கியரை முதலுக்கு இறக்கி, வண்டியை மேட்டோடு உரசவிட்டு நிறுத்தினான். பம்பர் ஒரு பக்கம் நசுங்கியது. மாமா நெற்றியில் ஒரு வீக்கம். அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

இறங்கிப் படுத்துப் பார்த்தோம். சேசிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் பிரேக் ரப்பர் ஹோஸ், முனையில் பிய்ந்து ஆயில் முழுக்க வடிந்துபோயிருந்தது. வண்டியை மூன்று அங்குலம் தூக்கியவர்கள் அந்த ஹோஸின் நீளத்தைத் தொடவில்லை. சமதரையில் நிற்கும்போது அது எட்டும். ஆனால் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கியபோது முழுக்க இழுபட்டுவிட்டது. ஏறும்போது கைதட்டினோமே, அந்த நொடியில்தான் அது பிய்ந்திருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் சர்க்யூட் என்பதால் முன் பிரேக் கொஞ்சமாவது பிடித்தது. அந்தச் சர்க்யூட்டைப் பிரித்து வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு பழைய ஜீப் ஏறி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ரகம். லிஃப்டும் இல்லை, லைட்டும் இல்லை. டயர் சாதாரண அளவு. டிரைவர் அண்ணனுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. எங்களைத் தாண்டும் முன் நிறுத்தி, இறங்கி, பாதையை ஒருமுறை நடந்து பார்த்தார். திரும்பி வந்து லோ கியர் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அந்தப் பள்ளத்தை ஏறிப் போனார். உறுமலும் இல்லை, கைதட்டலும் இல்லை. போகிற போக்கில் மச்சானைப் பார்த்து, "தம்பி, வண்டிய ஒசரமா கட்டிருக்கீங்க, காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மச்சானுக்குப் பதில் தெரியவில்லை. டயர்க் கடையில் போட்டு அனுப்பிய 40 பிஎஸ்ஐ அப்படியே இருந்தது.

நிற்க. பழைய டிரைவர் எல்லாம் ஞானி, புதிய பையன் எல்லாம் முட்டாள் என்று கதை கட்ட நான் வரவில்லை. அதே ஜீப்புகளில் அளவுக்கு மேல் ஆளை அடைத்துக்கொண்டு போய் மலைப்பாதையில் கவிழ்ந்த விபத்துகள் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. அவர் கேட்டது சரியான கேள்வி. ஒன்றேமுக்கால் லட்சம் செலவழித்த இடத்தில் யாருமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான்: கரடுமுரடான பாதைக்கு ஒரு பிக்கப்பை மாற்ற வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. வண்டியை எது தடுக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு, ஒன்றைக் கூட்டினால் எது குறைகிறது என்ற கணக்கையும் அதோடு சேர்த்தே எழுத வேண்டும். நம் ஆட்கள் இந்த இரண்டையும் செய்வதில்லை.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம்.

பிக்கப்பின் பின் ஆக்சில் ஒரே இரும்புத் தண்டு. நடுவில் டிஃபரன்ஷியல் குண்டு தொங்கும். வழியில் இருக்கும் கல் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதைத்தான். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்தால் பாடி மேலே போகும். குண்டு? இருந்த இடத்திலேயே இருக்கும்! ஏனென்றால் அது சக்கரத்தோடு போகிறதே தவிர பாடியோடு போவதில்லை. மூன்று அங்குலம் தூக்கியும் அந்தக் கல்லுக்கும் குண்டுக்கும் இடையில் ஒரு நூல்கூடக் கூடவில்லை. அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும். உதாரணத்துக்கு, 265/65 ஆர் 17 அளவு டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 285/70 ஆர் 17 போட்டால் சுமார் 831. வித்தியாசம் 55 மி.மீ. ஆனால் ஆக்சில் மையம் ஏறுவது அதில் பாதி, 27 மி.மீ. சொச்சம். கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அப்படியானால் லிஃப்ட் வீணா? இல்லை. நியாயமாகப் பேசுவோம். பிக்கப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, நீளம். டொயோட்டா ஹைலக்ஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3085 மி.மீ. மூன்று கதவு மஹிந்திரா தாருக்கு அது 2450 மி.மீ.தான். ஒரு மேட்டைத் தாண்டும்போது நீளமான வண்டியின் வயிறு தட்டும். பின் பக்கம் வால் மாதிரி நீண்டிருப்பதால் பள்ளத்திலிருந்து ஏறும்போது பின் பம்பர் தேய்க்கும். இந்த இரண்டுக்கும் லிஃப்ட் உண்மையிலேயே உதவும். பெரிய டயர் உரசாமல் சுற்றவும் இடம் கிடைக்கும். ஆக, உங்கள் வண்டி வயிறு தட்டி நின்றால் லிஃப்ட் பற்றி யோசியுங்கள். சக்கரம் சுழன்று நின்றால் லிஃப்ட் அதற்கு மருந்தே அல்ல.

இனி விலை. கடைக்காரர் பில்லில் எழுதாத விலை.

ஈர்ப்பு மையம் ஏறுகிறது. ஒரு கணக்குக்காக, வண்டியின் இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 1540 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று வையுங்கள். ஸ்பிரிங்கே இல்லாத கட்டை வண்டியாக நினைத்துக்கொண்டால், பக்கவாட்டில் சுமார் 48 டிகிரி சாயும்வரை கவிழாது. மையத்தை 75 மி.மீ. ஏற்றினால் அது 45 டிகிரிக்கு இறங்குகிறது. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் நிஜ வண்டியில் கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கி இன்னும் சாயும். கூரைமேல் கேரியரும் கூடாரமும் வைத்தால் இன்னும் குறையும். திருப்பத்தில் வேகமும் சேர்ந்தால் கணக்கு போட நேரம் இருக்காது. மெட்டு இறக்கத்தில் தினமும் 17 வளைவு திரும்புகிறவனுக்கு அந்த மூன்று டிகிரி சும்மா இல்லை.

அடுத்து பெரிய டயர். மேலே சொன்ன இரண்டு அளவுகளில் வித்தியாசம் 7 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 86 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பீர்கள். தரையில் இழுக்கும் விசை அதே 7 சதவீதம் குறையும். அதாவது ஏற்றத்துக்காக மாற்றிய டயர், ஏற்றத்தில் இழுவையைக் குறைக்கிறது! கனமான சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்தான் உழைக்க வேண்டும். போதாததற்கு மைலேஜ்.

பிக்கப்புக்கே உரிய இன்னொரு சங்கதி உண்டு. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. நிறைய பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி போகும். அது ஒரு பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். சுமை ஏறினால் பாடி தாழும், கம்பி நகரும், வால்வு 'ஓ, சுமை இருக்கிறது' என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். காலியாக இருந்தால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. இப்போது வண்டியை மூன்று அங்குலம் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பத்து மூட்டை ஏற்றினாலும் வால்வு, வண்டி காலி என்றே நினைக்கும். பின் பிரேக் தேவையான அளவு பிடிக்காது. மச்சான் வண்டியில் அதையும் யாரும் தொடவில்லை. ஹோஸ் பிய்யாமல் இருந்திருந்தால்கூட அந்த வண்டி சுமையோடு நிற்கத் திணறியிருக்கும்.

எடைக் கணக்கும் பார்ப்போம். இரும்பு பம்பர் 60 கிலோ, வின்ச் 40, பக்கவாட்டுக் காப்புக் கம்பிகள் 40, பின்னால் கூண்டு 70, கூரைக் கூடாரம் 60, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து பெரிய டயரில் கூடுதல் 35. இவை தோராயமான எண்கள்தான், ஆனால் கூட்டிப் பாருங்கள், 300 கிலோவைத் தாண்டுகிறது. வண்டி தாங்க அனுமதித்த மொத்த எடை மாறவில்லை. ஆக, அந்த 300 கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய சுமையிலிருந்து கழிகிறது. பிக்கப் வாங்கியதே சுமை ஏற்றத்தான் என்றால், ஆறு மூட்டைக்கான இடத்தை அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

'சும்மா குறை சொல்லாதே, என்னதான் செய்யணும், அதைச் சொல்' என்கிறீர்களா? வரிசையாகச் சொல்கிறேன். செலவு குறைந்ததிலிருந்து கூடியதுக்கு.

1. காற்று. இதற்குச் செலவே இல்லை, ஒரு நல்ல பிரஷர் கேஜும் சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரஸரும் போதும். காலி வண்டியில் தார்ச்சாலைக்கு 32, 35 என்று வைத்திருப்பதைக் கல்பாதையில் 25 பக்கம் இறக்கினால், டயர் தரையில் நீளமாகப் படியும், கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும், இடுப்பும் பிழைக்கும். மணலில் 15 முதல் 18 வரைகூட இறக்குவார்கள். மூன்று எச்சரிக்கை. சுமை இருந்தால் இவ்வளவு இறக்கக் கூடாது. தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். மிகவும் குறைத்துவிட்டுச் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

2. டயர். பெரிய டயர் அல்ல, சரியான டயர். தயாரிப்பாளர் சொன்ன அதே அளவில், எல்லா நிலத்துக்கும் ஏற்ற ஆழமான பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயர். பாதித் தொல்லை இதிலேயே தீரும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது, சட்டமும் ஒன்றும் சொல்லாது.

3. கொக்கி. வண்டி மாட்டினால் இழுக்க முன்னும் பின்னும் சேசிஸில் பிடித்த உறுதியான கொக்கி, எடை குறிப்பிட்ட பட்டை, ஷேக்கிள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அது பிய்ந்தால் பீரங்கிக் குண்டு. வெளிநாடுகளில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத் தூரத் தள்ளி நிறுத்துவதும் இதில் சேர்த்தி.

4. அடிவயிற்றுக் காப்பு. இன்ஜின் சம்ப், கியர் பாக்ஸ், டீசல் டேங்க் மூன்றுக்கும் கீழே உறுதியான தகடு. யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் காட்டுக்குள் நம்மை நடக்கவிடாமல் காப்பாற்றுவது இதுதான்.

5. டிஃபரன்ஷியல் லாக். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்றத் தேவைப்படுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே தரையில் இருக்கும் இன்னொரு சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நகராது. காலி பிக்கப்பில் இது அடிக்கடி நடக்கும். பின்பக்கம் எடை இல்லை, பட்டையோ சுமைக்காகச் செய்த முரட்டுப் பட்டை, வளைந்துகொடுக்காது. லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். சில வண்டிகளில் கம்பெனியிலேயே வருகிறது. வாங்கும்போதே அது இருக்கிற மாடலைப் பார்த்து வாங்குவது, பிறகு மாட்டுவதைவிடப் புத்திசாலித்தனம்.

6. இவ்வளவும் செய்த பிறகும் வயிறு தட்டுகிறது என்றால் மட்டும் லிஃப்ட். அதுவும் இரண்டு அங்குலத்துக்குள். கட்டை வைத்து அல்ல, சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றி. கூடவே பிரேக் ஹோஸ், வால்வுக் கம்பி, புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் சரிபார்த்து. ஆனால் நம் ஊரில் இதற்குச் சட்டச் சிக்கல் உண்டு, கீழே வருகிறேன்.

ஸ்நார்கலைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அது இன்ஜின் மூச்சை மேலே கொண்டுபோகும், தூசியும் குறையும். நல்லதுதான். ஆனால் அது இருக்கிறதென்று ஆற்றில் இறங்கினால் ஆக்சிலுக்குள்ளும் கியர் பாக்ஸுக்குள்ளும் தண்ணீர் போவதை யார் தடுப்பது? வெள்ளம் வண்டியைத் தள்ளும்போது ஸ்நார்கல் கையைப் பிடித்து இழுக்குமா?

இனி வெளியூர்க் கதை ஒன்று. டாப் கியர் நிகழ்ச்சியில் 2007இல் ஹைலக்ஸில் வட காந்த துருவத்தை நோக்கிப் போனார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளை மாற்றிக் கொடுத்தது ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ். பார்த்தவுடன் நமக்குத் தெரிவது 38 அங்குல டயர். ஆனால் அந்த டயரை அவர்கள் போட்டது உயரத்துக்காக மட்டும் அல்ல. பனிமேல் மிதப்பதற்காக. காற்றை 5 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கி, டயரைத் தோசைபோலப் படியவிட்டு, பனியில் புதையாமல் போகிறார்கள். அவர்கள் நிலம் பனி. வண்டியை எது தடுக்கிறது என்று பார்த்து, அதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். நாம் அந்த மருந்தை எடுத்து வேறு நோய்க்குத் தின்கிறோம்.

அதே ஐஸ்லாந்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. பனி மூடாத நிலத்தில் பாதையை விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம், அபராதமும் கடுமை. பாசி படர்ந்த மண்ணில் விழுந்த டயர் தடம் ஆற வருஷக்கணக்கில் ஆகும். இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெயர்போன நாடே, அந்த வண்டிக்கு எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறது. நம் ஊரில் 'ஆஃப் ரோடு' என்றால் ஓடைக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் இறங்குவது என்று ஆகிவிட்டது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது இங்கேயும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், அந்த ஓடையில்தான் கீழே நாலு குடும்பம் தண்ணீர் பிடிக்கிறது.

சட்டம் என்று வந்ததால் அதையும் பேசிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. அதற்கு நல்ல காரணமும் உண்டு. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதிக்கு அந்த பம்பர் வழிவிடாது. நடந்து போகிறவன் மேல் பட்டால் அவன் கதி அதோகதி.

இந்தச் சட்டத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தடுப்பது சரி. ஆனால் தடுப்பதோடு நின்றுவிட்டதுதான் தப்பு. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய அளவு வரை லிஃப்டுக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பிரேக், ஸ்டீயரிங், நிலைத்தன்மை எல்லாம் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். தாங்கும் மொத்த எடையைக் கூட்டவும் முறையான வழி இருக்கிறது. நம் ஊரில் மலைத்தோட்டத்துக்காரனுக்கு நல்ல ஸ்பிரிங் மாற்ற வேண்டிய நியாயமான தேவை இருந்தாலும், போய் நின்று கேட்க ஒரு கதவு இல்லை. அதனால் என்ன ஆகிறது? எல்லாரும் திருட்டுத்தனமாகச் செய்கிறார்கள். திருட்டுத்தனமாகச் செய்வதை யாரும் சோதிப்பதில்லை. ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்க ஒரு கண் கூட இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது 'இது யார் மாற்றியது' என்றுதான். முழுத் தடையும் முழு சுதந்திரமும் கடைசியில் ஒரே பட்டறைக்குத்தான் வண்டியை அனுப்புகின்றன. சோதனையோடு கூடிய அனுமதி வேண்டும் என்பது என் ஆசை. அது வரும்வரை சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியவை முதல் நான்கும், கம்பெனி கொடுக்கும் லாக்கும். அவையே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

'எல்லாம் சரிடா, கொஞ்சம் கெத்தா இருந்தா என்ன தப்பு?' என்று மச்சானே கேட்டான். தப்பே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டு, சீட் கவர் மாற்று, பாட்டுப் பெட்டி வை. ஆனால் வண்டி நிற்பதையும் திரும்புவதையும் தொடுகிற எதையும் அழகுக்காகச் செய்யாதே. அந்த வண்டியில் உன் அப்பா உட்காருகிறார்.

மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. நெற்றி வீக்கத்தோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தில் ஈர்ப்பு மையப் படம் எல்லாம் போட்டு மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் மாப்ள, இதெல்லாம் அன்னைக்கு வாசல்ல வண்டியப் பாக்குறப்ப தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. ஈர்ப்பு மையம் எனக்கு இரண்டாம் வருஷத்திலேயே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாசலில் அந்த வண்டியைப் பார்த்தபோது 'செம்ம மச்சான்' என்றுதானே சொன்னேன்? கீழே குனிந்து ஒரு தரம் பார்த்திருந்தால் இழுபட்ட ஹோஸ் கண்ணில் பட்டிருக்கும். நண்பன் வண்டியைக் காட்டும்போது நாம் படம் எடுக்கிறோமே தவிர, அடியில் குனிந்து பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையில் திட்டு வாங்க வேண்டிய முதல் ஆள் நான்தான்.

கட்டையும் ஸ்பேசரும் இப்போது கழட்டியாகிவிட்டது. பம்பரும் போய்விட்டது. புது ஹோஸ், பழைய அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர், அடியில் ஒரு தகடு. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ். லைட் பட்டையை மட்டும் கழட்ட மனசு வரவில்லை அவனுக்கு, ஸ்டோரில் காய் தட்டும் இடத்தில் மாட்டிவிட்டான் :-) அதே பாதையில் தினமும் போய் வருகிறான். அந்தப் பள்ளம் வந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறானாம்.

உங்களில் யாராவது வண்டி மாற்றும் யோசனையில் இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வியைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: போன ஒரு வருஷத்தில் என் வண்டி எங்கே, எதனால் நின்றது? பதில் 'எங்கேயும் நிற்கவில்லை' என்றால், அந்தக் காசில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு டீசல் போடுங்கள்.